பவர் சைடு ஸ்டெப்பும் கடற்கரை உப்பும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

(தேவனாம்பட்டினம், கடலூர்)

கதவைத் திறந்ததும் இறங்கி வந்து, மூடியதும் உள்ளே மடங்கிக்கொள்ளும் மின்சார சைடு ஸ்டெப்பைப் பிக்கப்பில் பொருத்தியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கடலூர், புதுச்சேரி, மரக்காணம் பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். இதன் பராமரிப்பைப் பற்றி நான் தேடிப் படித்ததெல்லாம் பெரும்பாலும் பனி நாட்டுக்காரர்கள் எழுதியது. அங்கே பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். நமக்குக் காற்றிலேயே உப்பு வருகிறது.

என்னுடையது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். அம்மாவுக்கு மூட்டுவலி, உயரமான வண்டியில் ஏறுவது பெரும்பாடு. அவருக்காகத்தான் வெளியில் கிட் வாங்கிப் போட்டேன். புதிதில் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் இடது பக்கப் படி கிறீச்சிட ஆரம்பித்தது. அப்புறம் பாதியில் நின்றது. சில நேரம் முழுதாக இறங்காமலே திரும்ப மேலே போனது. அம்மா காலை வைக்கும் நேரத்தில் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

காட்டிய இடத்தில் மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். படியை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மடங்கும் கைகள் தாங்குகின்றன. ஒன்றை மோட்டார் திருப்பும், மற்றது கூடவே ஆடும். கைகள் எல்லாம் பின்களில், அதாவது சிறு அச்சாணிகளில், சுழல்கின்றன. படி போகும் வழியில் ஏதாவது தட்டினால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும். உடனே கண்ட்ரோலர் யாருடைய காலோ மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு படியை நிறுத்தும் அல்லது திருப்பும். பின்னில் மணலும் உப்பும் ஏறி இறுகினாலும் மின்சாரம் அதே மாதிரிதான் கூடும். எது கால், எது மணல் என்று அதற்குத் தெரியாது.

மணல் அங்கே தங்கியதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். வாட்டர் வாஷ் முடிந்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடிப்பகுதி முழுக்க டீசல் கலந்த ஆயிலை அடித்துவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதுதான். பின்கள் எல்லாம் பிசுபிசுவென்று ஆகி, காற்றில் வந்த மணல் அதில் ஒட்டி, படி மடங்கும் ஒவ்வொரு முறையும் அம்மியில் வைத்த மாதிரி புஷ்ஷை (பின்னைச் சுற்றி இருக்கும் உறையை) அரைத்திருக்கிறது. கிரீஸ் வைத்தாலும் இதே கதிதான். மூடிய பேரிங்குக்குக் கிரீஸ் நல்லது. திறந்து கிடக்கும் கீலுக்குக் கூடவே கூடாது. வழக்கமான டபிள்யூடி-40 இறுகியதைத் தளர்த்தும், ஈரத்தை விரட்டும், ஆனால் சீக்கிரமே ஆவியாகிவிடும். மசகாக நம்பி இருக்க முடியாது.

இப்போது நான் செய்வது: கதவைத் திறந்து படி முழுதாக இறங்கியதும் கிட்டின் ஃபியூஸைக் கழற்றிவிடுவேன். இதைத் தயவுசெய்து விடாதீர்கள். கை உள்ளே இருக்கும்போது பிள்ளைகள் கதவைச் சாத்தினால் விரல் நசுங்கும். அப்புறம் முன் கை, பின் கை இரண்டிலும் நல்ல தண்ணீரைப் பிரஷரில் அடித்து மணலை வெளியேற்றுவேன். மோட்டார் மேலும் வயர் இணைப்பு மேலும் நேராக அடிக்கக் கூடாது. இடுக்கில் நிற்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு பின்னிலும் சிலிகான் ஸ்பிரே, மெல்லிய குழாய் வைத்துக் கொஞ்சமாக. ஃபியூஸைத் திரும்பப் போட்டுக் கதவைச் சில தடவை திறந்து மூடினால் மசகு உள்ளே போய்விடும். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதிலும் தூசு உட்காரும். பின் சக்கரத்தின் பிரேக் பக்கம் ஸ்பிரே தெறிக்காமல் ஒரு துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய எண்ணெயைத் துடைத்தெடுக்கத்தான் பாடு. அது போன பிறகு அதே மோட்டார் நன்றாக ஓடுகிறது.

மறுமொழி (கடலூர் முதுநகர்)

அண்ணா, நான் மீன் எடுக்கத் துறைமுகத்துக்குள் வண்டியை விடுகிறவன். அங்கே ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் தரையெல்லாம் நிற்கும். எனக்குப் பின்னை விட போல்ட்தான் தொல்லை கொடுத்தது. என் கிட்டில் கை அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரிக்கும். போல்ட் உள்ளேயே பிடித்துக்கொண்டது, கழற்ற முடியவில்லை. மாற்றிப் போடும்போது, மறுபடி இறுகிப் பிடிக்காமல் இருக்க, மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவச் சொன்னேன். மற்றபடி நான் செய்வது ஒன்றுதான். துறைமுகம் போய் வந்த நாள் சாயங்காலமே படியை இறக்கி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவேன். மறுநாளைக்கு வைப்பதில்லை. உப்பு காய்ந்துவிட்டால் அடித்தாலும் லேசில் வராது.

மறுமொழி (ஆரோவில் பக்கம், புதுச்சேரி)

என்னுடையது ஹைலக்ஸ். எங்களுக்கு உப்பை விடச் செம்மண். வெயில் காலத்தில் மாவு மாதிரி பறந்து எல்லா இடுக்கிலும் ஏறும். சிலிகானிலும் ஈரமாக நிற்பதை விட, காய்ந்து போகும் வகை எங்களுக்குச் சரிப்படுகிறது. டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரேயும் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். வாட்டர் வாஷில் டயருக்குப் பாலிஷ் அடிக்கும் தம்பிகள் படியின் மேல் கறுப்புப் பரப்பையும் பளபளக்க வைத்துவிடுகிறார்கள். மழை நாளில் அப்பா அதில் கால் வைத்து வழுக்கிவிட்டார். நல்ல வேளை, கைப்பிடியைப் பிடித்திருந்தார். மேல் பரப்பில் பாலிஷோ சிலிகானோ எதுவும் படக் கூடாது, வெறும் சோப்புத் தண்ணீர் போதும் என்று இப்போதெல்லாம் வண்டியை விடும்போதே சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி (தென்பெண்ணைக் கரை, கடலூர்)

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் படி மட்டத்துக்கு மேல் ஏறியது. வடிந்த பிறகு பார்த்தால் கீல் முழுக்க வண்டல்.

அப்போது கதவைத் திறந்து படியை ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஓட்ட வேண்டாம். முதலில் ஃபியூஸ், அப்புறம் சேறு காய்வதற்குள் அடித்துக் கழுவுவது. காய்ந்த வண்டல் களிமண் ஓடு மாதிரி ஆகிவிடும். வயர் இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன், செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, மின் இணைப்புக்கென்றே வரும் டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலில் தடவி மூடினேன். வலது பக்க மோட்டாரைக் காப்பாற்ற முடியவில்லை, உள்ளே தண்ணீர் போய்விட்டது. இடது பக்கம் பிழைத்தது.

மறுமொழி (மஞ்சக்குப்பம், மெக்கானிக்)

மோட்டாரை மாற்றும் முன்பு ஃபியூஸை எடுத்துவிட்டுப் படியைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, எந்த ஸ்பிரேயும் அதைத் திருப்பித் தராது. ஆட்டம் இல்லாமல் கிறீச்சென்றால் மசகு கேட்கிறது. உள்ளே 'டக் டக்' என்றால் கியர் பல் போயிருக்கலாம். படி அசையவே இல்லை என்றால் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காந்த சென்சாரைப் பாருங்கள், இடம் நகர்ந்திருக்கும். பேட்டரி இறங்கியிருந்தாலும் படி மெதுவாகத்தான் வரும்.

பஞ்சருக்கு நிறுத்தும்போது இந்தப் படியிலோ அதன் கையிலோ ஜாக்கி வைக்க விடாதீர்கள். வண்டியின் எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை. ஒருமுறை வளைந்தால் படி நேராக மடங்காது, நீங்கள் எவ்வளவு மசகு போட்டாலும் சத்தம் வரும்.

மறுமொழி (தேவனாம்பட்டினம்)

மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. இப்போதே ஆட்டிப் பார்த்தேன், இடது பின் கையில் லேசான ஆட்டம் இருக்கிறது. மணல் அரைத்த அதே புஷ். அது மட்டும் தனியாகக் கிடைக்குமா, கை முழுதாக மாற்ற வேண்டுமா? கடைசலில் நைலான் புஷ் கடைந்து போட்டவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு காலம் தாங்கியது என்று எழுதுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்துவிட நினைக்கிறேன்.