புதுப்பிப்பு: காரில் ஹாம் ரேடியோ, விசில் சத்தம் நின்றது

காரில் மாட்டிய 50 வாட் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) ஹாம் ரேடியோ செட்டில், அதாவது உரிமம் பெற்று பொழுதுபோக்காகப் பேசும் வானொலியில், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க விசில் போல ஒரு சத்தம் ஏறுகிறது, பேசத் தொடங்கினால் செட்டே அணைந்துவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் எடுத்ததுதான் தப்பு. முழு பவரில் செட் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மெல்லிய வயர் தாங்காது. நேற்று தடித்த வயரை பேட்டரியிலிருந்தே நேராக இழுத்தேன், முனையை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு. விசில் சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

அப்புறம், ஆன்டெனா பிராக்கெட்டுக்கு கார் தகடோடு நல்ல மின் தொடர்பு கிடைக்க, அதன் திருகுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்ததும் இறுக்கினேன். 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 2.8-லிருந்து 1.3-க்கு இறங்கியது! சுரண்டிய இடத்தில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், துருப்பிடிக்கும். பேட்டரியில் நேராக எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.