தெர்மாகோல் இன்குபேட்டர்: தெர்மோஸ்டாட் 31 காட்டுகிறது, முட்டை டப்பாவுக்குள் 33.5. எங்கே தவறு?

பல்லிக்கூடு

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்காக இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) கட்டியிருக்கிறேன். முட்டை இன்னும் இடவில்லை. வெறும் பெட்டியை ஓட்டிப் பார்க்கிறேன். 40×30×30 செ.மீ. தெர்மாகோல் பெட்டி, சுவர் 2.5 செ.மீ. கனம். அடியில் 25 வாட் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), அதன் மேலேயே முட்டை டப்பா. எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட்டில் (சூட்டைப் பார்த்து மேட்டைப் போட்டு அணைக்கும் கருவி) 31 வைத்திருக்கிறேன். சென்சார் மூடியிலிருந்து தொங்குகிறது. டப்பாவுக்குள் போட்ட இன்னொரு தெர்மாமீட்டர் 33.5 காட்டுகிறது. டப்பா மூடியில் உட்புறம் முழுக்க நீர்த்துளி. எதை நம்புவது? முட்டையைப் புதைக்கும் வெர்மிகுலைட்டுக்கு (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) தண்ணீர் எவ்வளவு? ஆண், பெண் இரண்டும் கலந்து பொரித்தால் போதும்.

வெப்பக்கணக்கு

இரண்டு கருவியும் சரியாகவே காட்டுகின்றன என்று நினைக்கிறேன். ஒன்று மூடிக்குக் கீழே உள்ள காற்றை அளக்கிறது, மற்றது மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் டப்பாவை. முட்டைக்கு முக்கியம் இரண்டாவதுதான்.

டப்பாவை மேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்பி வலைத் தட்டு ஒன்றை 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் வைத்து அதன் மேல் வையுங்கள். மேட்டை நேராகத் தெர்மாகோல் மேல் போடக்கூடாது. கீழே வெப்பம் தேங்கி, தெர்மாகோல் இளகிக் குழிந்துவிடும். ஒரு செராமிக் டைலை அடியில் கொடுங்கள்.

சென்சார் டப்பாவுக்கு வெளியே, முட்டை இருக்கும் அதே உயரத்தில் காற்றில் நிற்கட்டும். ஈர வெர்மிகுலைட்டுக்குள் புதைத்தால் சூடு தாமதமாகத்தான் அதற்குத் தெரியும். அதற்குள் மேட் கூடுதலாக எரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டில் எஃப்2-ஐ (எத்தனை டிகிரி இறங்கினால் மேட் மறுபடி எரியும் என்ற அளவு) 0.3 ஆக்குங்கள். காற்று அரை டிகிரி ஏறி இறங்கினாலும் டப்பாவுக்குள் அது அடங்கிவிடும். உள்ளே இருக்கும் தெர்மாமீட்டர் 31 காட்டும்வரை செட் அளவை மாற்றுங்கள்.

அதற்கு முன் சென்சாரைச் சோதித்துவிடுங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் எஃப்4-இல் (சென்சார் திருத்தம்) −0.8 வையுங்கள். பிறகு 36 டிகிரி வெந்நீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். ஐஸில் சரியாகக் காட்டுவது மேலே போகப் போகத் தவறலாம்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பல்லிக்கு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடே தீர்மானிக்கிறது: 26 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32.5-ஐ ஒட்டி பெரும்பாலும் ஆண், நடுவில் 30, 31-இல் கலவை. 34-ஐத் தாண்டினால் மறுபடி பெண் அதிகம், ஆனால் கருச்சாவும் அதிகம். நீங்கள் கலவை கேட்கிறீர்கள், அதற்கு 31-தான் சரி.

ஈரவிகிதம்

தண்ணீரைக் கண்ணளவில் ஊற்ற வேண்டாம், எடை போடுங்கள். 100 கிராம் உலர்ந்த வெர்மிகுலைட்டுக்கு 100 கிராம் தண்ணீர். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக்கூடாது. 4, 5 செ.மீ. ஆழம் பரப்பி, முட்டையைப் பாதி புதையுமாறு வையுங்கள்.

வைத்ததும் டப்பாவை மூடியோடு எடை போட்டு மூடியிலேயே எழுதுங்கள். முட்டை ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும், ஆனால் அது டப்பாவுக்குள்ளேயே இடம் மாறுவதுதான். மொத்த எடை மாறாது. எடை 10 கிராம் குறைந்தால் 10 கிராம் வெளியே ஆவியாகியிருக்கிறது. அதே சூட்டில் இருக்கும் தண்ணீரை அந்த அளவுக்கு ஓரத்தில் விடுங்கள், முட்டை மேல் விடாதீர்கள்.

மூடியில் துளி நிற்பதற்கு, அடி சூடாகவும் மூடி குளிர்ந்தும் இருப்பதே காரணம். மேட்டிலிருந்து தூக்கினாலே பாதி குறையும். மீதிக்கு டப்பாவைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் துளி ஓரமாக ஓடிவிடும். முட்டை மேல் சொட்டி நின்றால் அந்த இடத்தில் ஓடு மூச்சுவிடாது. பக்கத்தில் ஊசித்துளை இரண்டு போதும். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள்.

பல்லிக்கூடு

டப்பாவைத் தூக்கினேன். காற்று 31.2, உள்ளே 31.0. மிக்க நன்றி! ஃபேன் வைக்கலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வெப்பக்கணக்கு

ஒரே தட்டு என்றால் ஃபேன் தேவையில்லை. இரண்டு தட்டு வைத்தால் மேலும் கீழும் ஒன்றரை டிகிரி வரை வித்தியாசம் வரும். அப்போது 8 செ.மீ. கம்ப்யூட்டர் ஃபேனை 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட்டில் மெதுவாக ஓட்டுங்கள். மூடியில்லாத டப்பாவோடு ஃபேன் மட்டும் கூடவே கூடாது, முட்டை காய்ந்துவிடும்.

கரண்டுக்கு: நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிப் பெட்டிக்குள் சுற்றி வையுங்கள். அறை 25, பெட்டி 31 என்றால் உங்கள் அளவுப் பெட்டி 5, 6 வாட் அளவுக்குத்தான் வெப்பத்தை இழக்கும். 4 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். திறந்து திறந்து பார்க்காதீர்கள். சில மணி நேரம் 25-க்கு இறங்கினாலும் பொரிப்பு தள்ளிப்போகுமே தவிர, கரு சாவது அரிது.

உண்மையில் பயப்பட வேண்டியது சூட்டுக்கு. தெர்மோஸ்டாட் ரிலே (மேட்டைப் போட்டு அணைக்கும் உள்சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு மேட் அணையாமலே எரிந்தால் ஓர் இரவிலேயே எல்லாம் போய்விடும். அதனால் இரண்டாவது தெர்மோஸ்டாட்டைத் தொடரிணைப்பில் போட்டு 32.5-இல் வையுங்கள். இந்த ஒரு செலவை மட்டும் தவிர்க்காதீர்கள். எஸ்டிசி-1000-இன் பின்பக்க முனைகளில் வீட்டு மின்சாரம் திறந்தே இருக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்துங்கள், இன்குபேட்டருக்கு வெளியே.

ஈரவிகிதம்

முட்டை இட்டதும் எடுப்பதற்கு முன்பே மேல்பக்கம் பென்சிலால் குறியிடுங்கள். அந்தப் பக்கம் கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். கோழி முட்டைபோல் உருட்டக்கூடாது. முதல் ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், பிறகு திருப்பினால் அது பாதிக்கப்படும். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து, இருட்டறையில் சின்ன எல்இடி டார்ச்சை முட்டையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பும் மெல்லிய ரத்தநாளங்களும் தெரிந்தால் கரு உண்டு. ஒரே மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் வெற்று முட்டை. ஆனாலும் நாற்றம் வரும்வரை தூக்கிப் போட வேண்டாம். பூஞ்சணம் லேசாகப் படர்ந்தால் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

நடுவில் முட்டை குழிந்தால் ஈரம் குறைவு, எடையைப் பாருங்கள். கடைசி வாரத்தில் குழிந்து மேலே வியர்த்தால் பொரிக்கப் போகிறது, அப்போது தண்ணீர் விடக்கூடாது. ஓட்டைக் கீறித் தலை நீட்டிய குஞ்சை இழுக்காதீர்கள். மஞ்சள் கருவின் மிச்சத்தை உள்ளிழுக்க அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம்.