புதுப்பிப்பு: 1500 மீட்டர் முடிஞ்சுது, கயிறுதான் பாடாய்ப் படுத்துது

தீயணைப்பாளர் உடற்தகுதித் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்க முடியல, கயிறுல 3 மீட்டரோட கை வழுக்குதுன்னு முன்னாடி எழுதியிருந்தேன். இப்போ நிலவரம் சொல்றேன்.

நேத்து கிருஷ்ணகிரி மைதானத்துல 6 நிமிஷம் 41 விநாடி! தப்பு முதல் ரவுண்டுலதான் இருந்திருக்கு. 400 மீட்டர் டிராக்குல மூணே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 விநாடி போதும். நான் வீறாப்புல 1:30-க்கு ஓடி, மூணாவது ரவுண்டுல மூச்சு முட்டி நடந்துட்டு இருந்தேன். "முதல் ரவுண்டுல எல்லாரும் உன்னைத் தாண்டிப் போகட்டும் தம்பி"ன்னு இங்க ஒரு அண்ணன் சொன்னது அப்போ எரிச்சலா இருந்துச்சு. மன்னிச்சிருங்கண்ணா.

கயிறு? தோப்புல மாமரத்துல கட்டி ஏறுறேன். (மாங்கா பறிக்கிறியாடான்னு பாட்டி தினமும் கேக்குது.) கையில பலம் இல்லன்னு நினைச்சு புல்-அப்ஸா எடுத்துட்டு இருந்தேன். உண்மையில கால்தான் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. கயிறை ஒரு பாதத்து மேல விட்டு, இன்னொரு பாதத்தால அழுத்திப் பூட்டினா உடம்பு பாரம் காலுக்குப் போயிடுது. இப்போ 5 மீட்டர் தொட்டுட்டேன். 6 மீட்டர் ஏறினாத்தான் ரெண்டு ஸ்டார் (தேர்வுல மார்க்குக்காகக் குடுக்குற தரம்).

மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்து விரிச்சா 86. அதுல கவலையில்ல.

அடுத்து, ஓட்டத்துல 100 மீட்டர், 400 மீட்டர் ரெண்டுல எதை எடுக்கலாம்னு முடிவு பண்ணணும். தர்மபுரி பக்கம் ஸ்பைக் ஷூ இல்லாம ஓடுனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.