கரையருகே வெளியே இழுக்கும் நீருக்கு என்ன பெயர்?

கொல்லங்கோட்டிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கோவளம் பக்கம் ஸ்கூபா கற்றுத்தரும் ஒரு நிலையத்துக்குப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டும். ‘ரிப் கரண்ட்’ என்ற சொல்லில் மட்டும் நிற்கிறேன். கரையில் உடைந்த அலைநீர், மணல்திட்டின் இடைவெளி வழியாகவோ பாறை ஓரமாகவோ ஒரே ஓடையாகத் திரண்டு கடலுக்குத் திரும்புகிறதே, அது.

போன டிசம்பரில் நானே அதில் மாட்டினேன். ஆழம் நாலு மீட்டர்தான். திடீரென்று என் மூச்சுக் குமிழிகள் நேரே மேலே போகாமல் சாய்ந்து ஓடின. பாறையில் இருந்த பாசி முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. பயிற்றுநர் பாறையைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் கை காட்டினார். எனக்குப் புரியவில்லை, கரையை நோக்கியே உதைத்தேன். சிலிண்டரில் 120 பார் அழுத்தத்தில் இருந்த காற்று 70க்கு இறங்கிய பிறகும் கண்முன்னே அதே சிப்பிப் பாறை. இறங்கும் முன்பே அந்த நீருக்கு ஒரு பெயர் தெரிந்திருந்தால் அந்தக் கை எதைச் சொல்கிறது என்று பிடிபட்டிருக்கும். உதவுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து:

‘அடியொழுக்கு’ இருக்கிறதே! இங்கே பேப்பரில் தினமும் வரும் சொல். மலையாளம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புறநானூறு 173இல் முட்டை தூக்கிப் போகும் எறும்பு வரிசைக்குச் ‘சில்லொழுக்கு’ என்றே பெயர். ஒழுகு, ஒழுக்கு, ஒழுக்கம் எல்லாம் ஒரே வேர். நீர் வழி தவறாமல் போவதும் மனிதன் நெறி தவறாமல் போவதும் ஒன்று என்று பார்த்த மொழி இது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

வேர் தமிழாக இருக்கலாம், வழக்கு தமிழ் இல்லையே. ‘ஒழுக்கு’ என்றால் நம் பிள்ளைகளுக்குக் கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும். என் பரிந்துரை ‘ஈர்நீர்’. ஈர்த்த, ஈர்க்கின்ற, ஈர்க்கும் நீர், சுத்தமான வினைத்தொகை. இரண்டே அசை. எச்சரிக்கைப் பலகையிலும் பெரிதாக எழுதலாம்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு):

அண்ணா, ‘ஈர்’ என்றால் ஈரமும் உண்டு. ‘ஈர்ங்கை விதிரார் கயவர்’ என்று குறள் 1077 சொல்வது ஈரமான கையை. இரண்டு என்ற பொருளும் சேர்ந்துகொள்ளும். வகுப்பில் ‘ஈர்நீர்’ என்று எழுதிப் போட்டால் பாதிப் பேர் ஈரமான நீர் என்பார்கள், மீதிப் பேர் இருவகை நீர் என்பார்கள். தொல்காப்பியர் சொல்லை நான்காகப் பிரித்தபோது திசைச்சொல்லுக்கும், அதாவது சுற்று நிலங்களின் சொல்லுக்கும், இடம் வைத்தார். உரையாசிரியர்கள் சொல்லும் பன்னிரு நிலத்தில் இன்றைய கேரளத்துக் குட்டநாடும் குடநாடும் உண்டு. எல்லையில் இருக்கிற நாமே திசைச்சொல்லுக்குப் பயந்தால் எப்படி?

நீரோடியிலிருந்து:

மக்களே, கடலில் போகிறவனிடம் கேட்டீர்களா? எங்களுக்கு நீரோட்டம் என்றால் ‘நீவாடு’. சிப்பி எடுக்க முங்குகிறவன் ‘வலிவு இருக்கு, இறங்காதே’ என்பான். வலி என்றால் இழு. மடி (வலை) வலிக்கிறோம், வள்ளம் வலிக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் தண்டு வலிக்கிறார்கள். அப்புறம் இதையும் மலையாளம் என்று எப்படி ஒதுக்குவீர்கள்? காற்றே இல்லாமல் எங்கோ தெற்கே கிளம்பிய அலை வந்து கரை ஏறுவதைக் ‘கள்ளக்கடல்’ என்று கேரளத்து மீனவன் சொன்னான். 2012இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை ஏற்றது. அவன் சொல் அறிவியலில் ஏறலாம், நம்முடையது ஏறக்கூடாதா?

கொல்லங்கோட்டிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார், ‘அடியொழுக்கு’ அழகான சொல்தான். ஆனால் இந்த இடத்தில் அது ஆளைத் தப்பாகத் திருப்பிவிடும். இந்த நீர் யாரையும் அடியில் அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டிய பிறகு ஓட்டம் பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான். ‘அடி’ என்று படித்தவன் மேலே வந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பான். மேலே வந்தால் இன்னும் தூரம் போவான். வினாடிக்கு அரை மீட்டர் வேகமே, காலில் ஃபின் (நீந்தும் துடுப்பு) போட்டவனையும் சீக்கிரம் களைக்க வைத்துவிடும். இதுவோ இரண்டு மீட்டரைத் தாண்டியும் ஓடக்கூடியது. எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும். எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரிந்தால்தான் எந்தப் பக்கம் போவது என்பது தெரியும். அதனால் பெயரிலேயே திசை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘நீவாடு’ எல்லா நீரோட்டத்துக்கும் பொதுவாயிற்றே, ஐயா. ‘வலிவு’ எனக்குப் பிடித்த சொல், என் அம்மா சொல்வதும் அதுதான். ஆனால் மதுரைக்காரர் ‘வலிவு’ என்பதைப் படித்தால் உடல்வலி என்றோ வலிமை என்றோதான் எடுத்துக்கொள்வார். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் கடலில் மூழ்கி இறந்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் படித்த நொடியில் புரியாத சொல் எதையும் என்னால் கையேட்டில் தனியாகப் போட முடியாது.

‘வெளியிழுப்பு’ என்று போடட்டுமா?

சித்தூரிலிருந்து:

சரி. ‘கடலிழுப்பு’ என்றால் இன்னும் தெளிவு. இருந்தாலும் ஆட்சேபம் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து:

அடியில் இல்லை என்பது சரியான வாதம். ஒப்புக்கொள்கிறேன். எறும்பொழுக்கை வேறொரு நாள் பேசுவோம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

‘இழுப்பு’ என்றால் ஊரில் ஆஸ்துமா. ‘வெளியிழுப்பு’ என்பதை நோயின் பெயர் என்று நினைப்பார்கள். எனக்கு இன்னும் ஈர்நீர்தான். பதிவு செய்துகொள்ளுங்கள்.

நீரோடியிலிருந்து:

அடைப்புக்குறிக்குள் ‘வலிவு’ என்றும் போடுங்கள் மக்களே. எங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து:

போட்டுவிட்டேன்: ‘வெளியிழுப்பு (வலிவு): கரையை நோக்கி நீந்தாதே, பக்கவாட்டில் விலகு.’ கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பதிப்பில் ‘சர்ஜ்’ வருகிறது. பாறையிடையே ஆளை முன்னும் பின்னுமாக ஆட்டுகிறதே, அந்த நீர். அதற்கு என்ன சொல்லலாம்?