65 மஸ்டாங் இன்ஜின்: கருப்பா, நீலமா?

எடிசன்குமரன்:
"ஃபோர்டு 289 என்றாலே நீலம்தான், யோசிக்காமல் அடியுங்கள்" என்று நேற்று ஒருவர் புதிதாக வண்டி வாங்கியவருக்குச் சொல்லியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. 1965 மாடல் மஸ்டாங்கின் 289 கன அங்குல வி8 இன்ஜினுக்கு உடற்பகுதியான பிளாக், ஹெட், இன்டேக் எல்லாம் கருப்பு. மேல் மூடியான வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். முழு நீலம் 1966 மாடலில்தான் வந்தது.

நீலவேங்கை:
சொன்னது நான்தான். என் வண்டி 65. சேஸிஸ் நம்பரே 5-இல்தான் தொடங்குகிறது. தண்ணீர் பம்பைக் கழற்றினேன், பின்னால் நீலம் இருந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எடிசன்குமரன்:
5 என்பது வண்டியின் வருடம். பிளாக்கில் வார்த்திருக்கும் தேதி என்ன? ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் தெரியும். 5எஃப்20 என்று இருந்தால் 1965 ஜூன் 20. இன்ஜின் வண்டியோடு வந்ததா, பிறகு மாற்றியதா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதை முதலில் சொல்லுங்கள்.

நீலவேங்கை:
பம்புக்குப் பின்னால் நீலம் இருந்தது. பட்டறைக்காரன் அங்கே போய் எப்படி அடிப்பான்?

எடிசன்குமரன்:
அண்ணே, நீங்கள் சொல்வதே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. ஃபோர்டில் இன்ஜினைப் பூட்டிய பிறகுதான் பெயின்ட் அடித்தார்கள். போல்ட் தலைமேல்கூட பெயின்ட் ஏறியிருக்கும், பம்பு உட்காரும் இடத்தில் வெறும் உலோகம்தான் இருக்கும். அங்கே நீலம் இருக்கிறதென்றால் யாரோ பிரித்து அடித்திருக்கிறார்கள். தேதி என்ன?

சிவப்புமூடி:
என்னுடையது 65, ஆறு சிலிண்டர் 200. வால்வ் கவர் சிவப்பு. அதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

எடிசன்குமரன்:
ஆறு சிலிண்டருக்கு சிவப்பு சரிதான். இங்கே பேச்சு வி8 பற்றி.

நீலவேங்கை:
1964 ஏப்ரலில் முதலில் வந்த 260 வி8-க்கு வால்வ் கவர் நீலம். அப்போது ஃபோர்டிடம் நீலமே இல்லையா?

எடிசன்குமரன்:
அது இளநீலம், மூடிக்கு மட்டும். அதிலும் பிளாக் கருப்புதான். 260-ஐ 289-ஓடு கலக்காதீர்கள். தேதி என்ன?

நீலவேங்கை:
திரும்பத் திரும்பத் தேதி கேட்கிறீர்களே, போன வருடம் எனக்கு விற்ற கார்புரேட்டரில் எந்தத் தேதி பார்த்தீர்கள்? 65-க்கு உரியது என்றீர்கள். பூட்டிய அன்றே ஒழுகியது.

எடிசன்குமரன்:
கேஸ்கெட் மாற்றச் சொன்னேன், நீங்கள் மாற்றவில்லை. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? என் வண்டியின் சேஸிஸ் நம்பரில் இரண்டாவதாக இருப்பது டி (T). அதாவது மெட்டச்சன் ஆலை. அந்த ஆலை இருந்தது இதே நியூ ஜெர்சி எடிசனில், நான் குடியிருக்கும் ஊரில். எண்ணெய்க் கறையைச் சுரண்டச் சுரண்ட அடியில் கருப்புதான் வந்தது. வால்வ் கவரில் ஒரு மூலையில் நகம் அளவுக்குத் தங்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிறத்துக்கு ஒத்த டப்பா தேட எனக்கு நான்கு மாதம் ஆனது. அதனால்தான் "யோசிக்காமல் அடி" என்றால் கோபம் வருகிறது.

கராஜ்தம்பி:
எந்த நிறம் அடித்தாலும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அடிக்காதீர்கள், சூட்டில் எரிந்துவிடும். என் வண்டியை நான் நீலமாகத்தான் வைத்திருக்கிறேன், பார்க்க அழகு.

எடிசன்குமரன்:
அழகாக இருக்கட்டும் தம்பி, யார் தடுத்தார்கள்? 65-க்கு அதுதான் ஒரிஜினல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீலவேங்கை:
பம்புக்குப் பின்னால் நீலம் இருந்தது. நான் பார்த்தேன்.

எடிசன்குமரன்:
ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். இரண்டு போல்ட்தான்.