நாய்க்குக் கூடப்பிறந்தவன் கிடைத்துவிட்டான். தாத்தாவின் ஊர் டிஎன்ஏ சோதனையில் கிடைக்குமா?

லயத்துப்பேரன் (ஸ்காபரோ):

எங்கள் மிளகு வடக்கு ஒன்டாரியோவிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்ட நாய். காப்பகத்தில் 'லாப், ஹஸ்கி கலப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். மகளின் பிறந்தநாளுக்கு எம்பார்க் என்ற நாய் டிஎன்ஏ சோதனை வாங்கி, கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் தேய்த்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஜெர்மன் ஷெப்பர்ட் 34%, ஹஸ்கி 27%, மாலமூட் 15%, லாப்ரடார் 8%, மீதி துண்டு துண்டாகப் பல இனம். அதைவிட, தண்டர் பேயில் இருக்கும் ஒரு நாய் மிளகுக்குக் கூடப்பிறந்த அளவுக்கு நெருக்கம் என்று காட்டியது. அந்த வீட்டார் படம் அனுப்பினார்கள். அதே மடிந்த இடது காது!

அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். "இதுக்கு அண்ணன் கிடைச்சிட்டான். எங்கப்பா ஊருதான் இன்னும் கிடைக்கல" என்றார். வயது 79. இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். இரண்டு வயதில், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து மண்டபம் முகாம் வழியாக, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு இலங்கைக்குப் போனவர். அப்பாவுக்கு ஒன்பது வயதிலேயே இறந்துவிட்டார். ஊரைக் கேட்டால் "திருச்சி ஜில்லா" என்று மட்டும் சொல்வாராம். அன்றைய திருச்சி ஜில்லா என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கே போய்த் தேடுவது?

என்னைச் சோதிப்பதா, அப்பாவையா? ஊர் தெரியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேர்தேடி (நியூ ஜெர்சி):

கண்டிப்பாக அப்பாவைத்தான். தாத்தாவுக்குத் தம்பி இருந்து, அவர் பிள்ளை சோதனை செய்திருந்தால், உங்கள் அப்பாவோடு சராசரியாக 12.5% பொருந்தும். உங்களுக்கும் அந்தத் தம்பியின் பேரனுக்கும் 3 சதவீதச் சொச்சம்தான். அப்புறம், தாத்தாவின் ஒய் குரோமோசோம் அப்பாவிடம் இருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். ஆனால் அப்பாயியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அப்பாவோடு நின்றுவிட்டது. அது தாய்வழி, உங்களுக்கு வராது.

ஊர்ப் பெயர் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தென்னிந்தியா, இலங்கை என்று பெரிய வட்டம் காட்டும், அவ்வளவுதான். நாய்க்கு அவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் லண்டன் கெனல் கிளப் 1873இல் தொடங்கியது. அதுமுதல் எந்த நாய்க்கு எது தாய், எது தகப்பன் என்று பதிவேடு வைத்து, இனத்துக்குள்ளேயே சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இருக்கிறது. நான் சென்னையிலிருந்து ஒரு தெருநாயைக் கூட்டி வந்தேன். முதலில் செய்த சோதனையில் அது சௌசௌ என்ற சீன நாய் இனம், இன்னும் ஏதேதோ கலப்பு என்றார்கள். வேறு இடத்தில் செய்தபோதுதான் தெற்காசியக் கிராம நாய் என்று வந்தது. அது கலப்பே இல்லை. இந்த இனங்களையெல்லாம் மனிதர் பிரித்து வளர்ப்பதற்கு முன்பிருந்தே தெருவில் இருக்கும் வம்சம். முதல் நிறுவனத்தின் பட்டியலில் அதன் சாதிசனம் இல்லை, அதனால் பக்கத்தில் இருந்த பெயரை ஒட்டிவிட்டார்கள். உங்கள் தாத்தா ஊர்க்காரர்களும் அப்படித்தான், பெரும்பாலும் யாரும் எச்சில் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நம்மில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழியாக வருவார்கள். அதனால் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போல, பொதுவான டிஎன்ஏவை அளக்கும் சென்டிமார்கன் எண்ணிக்கை ஏறித் தெரியும். 'செகண்ட் கசின்' என்று திரையில் வந்தால் உடனே நம்பிவிடாமல், பொருந்தும் டிஎன்ஏவில் நீளமான துண்டுகள் எத்தனை என்று பாருங்கள்.

கணக்கப்பிள்ளைமகள் (மிசிசாகா):

தம்பி, எச்சிலுக்கு முன்னால் காகிதத்தைத் தேடுங்கள். மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு உங்கள் சொந்தத்தில் யாராவது இந்தியா திரும்பினார்களா? அவர்களுடைய பழைய இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, விண்ணப்ப நகல் ஏதாவது இருக்கும். என் பெரியம்மா வீட்டில் தகரப்பெட்டிக்குள் இருந்த அட்டையில்தான் எங்கள் பூர்வீகத் தாலுகாவைப் பார்த்தேன். 1949 சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமைக்கு யாராவது விண்ணப்பம் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். வயதானவர்களிடம் குலதெய்வத்தின் பெயரையும் கேளுங்கள். ஊரை மறந்தவர்கள்கூடச் சாமியை மறப்பதில்லை.

மிளகுக்கும் ஒரு வார்த்தை. ஷெப்பர்ட் ரத்தம் இருப்பதால் முடிவில் எம்டிஆர்1 என்ற வரியைப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மரபணுவில் பிசகு இருந்தால் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அதிக அளவு ஆகாது.

பனிக்காலம் (மொன்றியல்):

எதற்கும் யோசித்துச் செய்யுங்கள். 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. கனடாவில் 2017 சட்டப்படி காப்பீட்டு நிறுவனம் மரபணுச் சோதனை முடிவைக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அப்பாவின் டிஎன்ஏவில் உங்கள் அத்தைமார் பங்கும் இருக்கிறது. அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லயத்துப்பேரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலைப் படித்த கையோடு நீலகிரி கூடலூருக்குப் போன் போட்டேன். அத்தை குடும்பம் எழுபதுகளில் இந்தியா திரும்பிப் போய் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தது. அட்டை இருக்கிறது! அத்தை மகன் படம் எடுத்து அனுப்பினார். முசிறி தாலுகா என்பது தெளிவாகத் தெரிகிறது. கிராமத்தின் பெயர் சரியாக மடிப்பில் விழுந்து அழிந்துபோயிருக்கிறது. 'தா' என்று தொடங்கி 'பேட்டை' என்று முடிகிறது. தாத்தையங்கார்பேட்டையாக இருக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்பா அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "எங்கப்பா பேட்டைச் சந்தைன்னு ஒண்ணு சொல்லுவாரு" என்றார். இத்தனை வருடத்தில் இதை அவர் சொன்னதே இல்லை.

குலதெய்வத்தைக் கேட்டதும் அத்தை சட்டென்று "மதுரை வீரன்" என்றார். அது எத்தனையோ ஊரில் இருக்கும் சாமி, சரி.

அத்தையிடம் சோதனையைப் பற்றியும் கேட்டேன். "எடுத்துக்கோ, எங்கண்ணன் சந்தோசப்பட்டா போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எடுக்கிறோம். அதற்கு அரை மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது, வெற்றிலையும் போடக் கூடாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு அத்தை மகன் அந்த அட்டையோடு பேட்டைக்குப் போய் விசாரிக்கிறார். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.