டெலிகிராம் பாட்: மீன் பெயர் பாதிதான் போய்ச் சேருகிறது

வணக்கம் நண்பர்களே. கடலூர் துறைமுகத்தின் அன்றாட மீன் விலையைச் சொல்ல ஒரு டெலிகிராம் பாட் (செய்திக்குத் தானாகப் பதில் தரும் நிரல்) செய்கிறேன். அது கட்டளையை, பிஎச்பி மொழியில் நான் எழுதிய ஸ்கிரிப்டுக்கு அனுப்பி விலையை வாங்கும். மீன் பெயரும் கிலோவுமாக 'வஞ்சிரம் 2' என்று அடித்தால் சரியாக வருகிறது. 'கறுப்பு வவ்வால் 2' என்றால் இடைவெளியில் உடைந்து, பெயர் 'கறுப்பு', கிலோ 'வவ்வால்' என்று போகிறது.

டெலிகிராம் முழு வரியையும் அப்படியே தருகிறது, பிரிப்பது நம் வேலை. கடைசிச் சொல் எண்ணாக இருந்தால் அதைக் கிலோவாக எடுத்து, மீதியைப் பெயராக வைக்கலாமா? நடுவில் கமா போடச் சொல்லலாம்தான். ஏல இரைச்சலில் நின்று அடிக்கும் மீன்கார அக்காக்களிடம் அதைக் கேட்க எனக்கு மனமில்லை.

அப்புறம், தமிழ்ப் பெயரை ஸ்கிரிப்டுக்கு யூஆர்எல்லில் (இணைய முகவரியில்) என்கோட் செய்து, அதாவது % குறியீடுகளாக மாற்றி அனுப்புவதா, முகவரியில் சேர்க்காமல் தனியாக அனுப்பும் போஸ்ட் முறையில் அனுப்புவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.